மேல யாரு போய் கயிறு கட்டினது?

கேள்வி: அண்ணே, பாகிஸ்தான்ல டிராங்கோ கோபுரம்னு ஒரு பாறையில ஏறுற வீடியோ போன்ல பார்த்தேன், சுவர் மாதிரி நேரா நிக்குது. மொதல்ல மேல போய் கயிறு கட்டினது யாரு? எங்க லயத்துக்கு மேல உள்ள பாறையில நாங்களும் கயிறு கட்டிப் பழகலாமா?
- வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, மேல யாரும் போய் கட்டல. மொத ஆள் கீழருந்தே ஏறுவார், போற வழியில வெடிப்புக்குள்ள உலோகத் துண்டுகள செருகி அதுல கயித்த கொழுவிக்கிட்டே போவார், கீழ நிக்கிறவர் மறு நுனிய பிடிச்சிருப்பார். ஏறுறது கையாலயும் காலாலயும்தான், கயிறு விழுந்தா தாங்குறதுக்கு. கடைசியா கொழுவுன இடத்துல இருந்து 3 மீட்டர் மேல போய் வழுக்கினா 6 மீட்டர் விழணும், அதுக்கு மேல கயிறு இழுபடுறது வேற.

அந்த இழுபடுறதுதான் உசிர காப்பாத்துது. ஏறுற கயிறு விழுற வேகத்த கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கிற மாதிரி செஞ்சது. லொறியில கொழுந்து மூட்டை கட்டுற கயிறு அப்பிடி இல்ல, ஒரே வெட்டா நிக்கும், இடுப்பு போயிரும் இல்லனா கயிறே அறுந்திரும். சின்ன வயசுல நான் உடுப்பு காயப்போடுற கயித்த மரத்துல கட்டி பாறையில இறங்கி ரெண்டு உள்ளங்கையும் தோலுரிஞ்சு ஒரு மாசம் கையால சோறு திங்க முடியாம கெடந்தவன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

டிராங்கோவுல பெயரில்லாக் கோபுரம்னு சொல்றது 6,239 மீட்டர், இலங்கையிலயே உசந்த நம்ம பிதுருதலாகல மலை 2,524தான். 5,500 மீட்டர்லயே காத்தழுத்தம் பாதியாயிரும். அங்க வெடிப்புதான் பாதை. கைய உள்ள விட்டு பெருவிரல உள்ளங்கைக்குள்ள மடக்கினா கை தடிச்சு இறுகிக்கும், அதுல உடம்பையே தொங்கவிடலாம், புறங்கை தோல் போகும்னு பிளாஸ்டர் சுத்திக்குவாங்க. 1975ல மார்ட்டின் பாய்சன்ங்கிற பிரிட்டிஷ்காரருக்கு முழங்கால் வெடிப்புல மாட்டி மணிக்கணக்கா வரல, கடைசியில கால்சட்டைய அறுத்துத்தான் உருவினார். அடுத்த வருஷமே திரும்பிப் போய் அவங்க குழு உச்சியத் தொட்டுச்சு, அதுதான் அந்தக் கோபுரத்துல மொத ஏற்றம்.

உங்க பாறையில மிஸ்ட் எறங்கினா பாசி சவர்க்காரம் மாதிரி வழுக்கும். பழகின ஒருத்தர கூட்டிட்டு, சரியான கயிறு, இடுப்புப் பட்டி, தலைக்கவசத்தோட, மழையில்லாத நாளா பாத்து தொடங்குங்க. மொதல்ல மேல பலமா கட்டின கயித்துல ஏறிப் பழகுங்க, அப்ப வழுக்கினாலும் கொஞ்சந்தான் எறங்குவீங்க. முன்ன போய் கொழுவுறது எல்லாம் ரொம்பப் பிறகு. அது வரைக்கும் அந்த மூட்டைக் கயித்த தொடவே வேணாம் தம்பி.