மலை மறைக்கும் பண்பலைக்குச் செய்மதி வானொலி மாற்றாகுமா?

வணக்கம். ஹட்டன் பக்கத்தில் மலை மறைத்துப் பண்பலை இரைவதால், விலைக்கு வந்திருக்கும் பழைய வேர்ல்ட்ஸ்பேஸ் செய்மதி வானொலிப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். அந்நிறுவனம் 2008இல் நொடித்துப்போய், 2009 இறுதியில் இந்தியச் சேவையையும் மூடிவிட்டது. சிரியஸ் எக்ஸ்எம் என்ற மற்றொரு செய்மதி வானொலிச் சேவை வட அமெரிக்காவுக்கு உரியது.

வீட்டில் டிஷ் தொலைக்காட்சி இருந்தால், அதன் அலைவரிசைப் பட்டியலில் நீங்கள் விரும்பும் வானொலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலைக்கு அப்பால் வலுவிழக்கிறது. ஆனால் டிஷ் சிக்னலை அனுப்பும் புவிநிலைச் செய்மதிகள் (தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பவை) நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால், நமது நெட்டாங்குக்கு அருகிலுள்ளவை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே இருக்கும், மலை குறுக்கிடாது. டிஷ் பெட்டியின் ஒலி வெளியீட்டை ஸ்பீக்கரில் இணைத்தால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டும் கேட்கலாம்.

கனமழையில் டிஷ் சிக்னல் அறுந்துபோவதை, நம் மலையகத்தில் சின்னக் குறையென்று நான் சொல்லமாட்டேன். மண்சரிவு எச்சரிக்கை கேட்க வேண்டிய இரவில் மின்சாரமும் சேர்ந்தே போகக்கூடும் என்பதால், பெற்றரியில் இயங்கும் பழைய வானொலியைக் கைவிடாதீர்கள். செலவு செய்வதற்கு முன், கூரைக்கு மேலே பண்பலை அன்டெனா ஒன்றைப் பொருத்தி, ஒலிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பிப் பாருங்கள். பல வீடுகளுக்கு அதுவே போதும்.