மூன்று ரவுண்டு ஓடு

கேள்வி: மகள் பிளஸ் ஒன். எட்டாவது வரை த்ரோபால் டீமில் இருந்தவள். இப்போது ஸ்கூல் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு உட்கார்ந்துவிடுகிறாள். எதற்கெடுத்தாலும் எரிச்சல். ‘ஓட விடுங்க, மனசு சரியாயிடும்’ என்கிறார்கள். காலை ஐந்தரைக்கு எழுப்பி அனுப்பலாமா சார்?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: வேண்டாம்மா. குன்னூர்க் குளிரில் ஐந்தரைக்குக் கம்பளியை இழுத்தால் ஓட்டமும் கசக்கும், நீங்களும் கசப்பீர்கள். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் கை வைக்காதீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தேன். லேட்டாக வந்தால் ‘கிரவுண்டை மூன்று ரவுண்டு ஓடு’ என்பேன். ஓட்டத்தைத் தண்டனையாக்கியவன் ‘ஓடினால் மனம் தெளியும்’ என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டால் அதையும் கொடுத்துவிடுவேன். (டீ வாங்கித் தருவார்.)

உங்களுக்குச் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. உடற்பயிற்சி வளரிளம் பிள்ளைகளின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஓரளவுதான். 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேடும், மூச்சு வாங்கினால், கணக்கில் சேரும்.

சரி, த்ரோபாலை ஏன் விட்டாள் என்று கேட்டீர்களா? நான் பார்த்தவரை பெண் பிள்ளைகள் சோம்பலால் விடுவதில்லை. மாதவிடாய் நாளில் கறை பட்டுவிடுமோ என்ற பயம், டி-ஷர்ட்டைக் கிண்டல் செய்த பையன்கள், டீமில் எடுக்காத மாஸ்டர். அந்த மாஸ்டராக நானும் இருந்திருக்கிறேன். ஒரு பெண்ணை வருடம் முழுக்க ஸ்கோர் எழுத வைத்தேன், பிடித்துச் செய்கிறாள் என்று நினைத்து. ‘ஒரு தடவைகூட பந்தைத் தரலையே சார்’ என்று கடைசி நாளில் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளோடு சிம்ஸ் பார்க் வரை நடங்கள். மார்க் பேச்சு கூடாது. பழைய டீம் தோழி யாராவது சேர்ந்துகொண்டால் நீங்கள் பின்தங்கிவிடுங்கள். இருட்டுமுன் திரும்புங்கள். தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், உங்களுக்குத் தெரியாததா!

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு சரியில்லாமல் முடங்கியே கிடந்தால் டாக்டரிடம் போங்கள். ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே போங்கள். 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம். எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அப்புறம், அந்த ஷூ எட்டாவதில் வாங்கியதுதானே? காலுக்குச் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள்.