ஐபி டிப்ளமோவில் ஆறு பாடங்கள்: எதை, எவ்வளவு எடுப்பது? கேள்வி பதில்

கோவை, மாணவியின் அம்மா: மகள் ஜூனில் ஐபி டிப்ளமோ (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்டின் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பு) சேர்கிறாள். மூன்று பாடம் எச்எல் (ஹையர் லெவல்), மூன்று எஸ்எல் (ஸ்டாண்டர்ட் லெவல்) என்கிறார்கள். எந்தப் பாடங்களை எச்எல் எடுத்தால் சுமை தாங்கும்?

பாடம் கடினமா எளிதா என்பதை அப்புறம் பாருங்கள் அம்மா. எழுத்து வேலை எந்த மாதத்தில் வந்து விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். எச்எல் பாடத்துக்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்எல் பாடத்துக்கு 150. அதுபோக டோக் (தியரி ஆஃப் நாலெட்ஜ்) வகுப்பு 100 மணி நேரம். இதெல்லாம் பள்ளி நேரத்திலேயே முடிந்துவிடும். பிள்ளைகள் தடுமாறுவது இரண்டாம் ஆண்டின் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை. ஆறு பாடங்களின் ஐஏ (இன்டர்னல் அசெஸ்மெண்ட், பள்ளியிலேயே செய்து மதிப்பெண் பெறும் வேலை), 4000 சொல் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே (ஆய்வுக் கட்டுரை), 1600 சொல் டோக் கட்டுரை எல்லாம் அந்த மாதங்களில்தான் குவியும். கல்லூரி விண்ணப்பமும் அப்போதுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆங்கிலம் ஏ (முதல் மொழிப் பாடம்), வரலாறு, பொருளாதாரம் மூன்றும் எச்எல் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எச்எல் கட்டுரை 1500 சொல் வரை. வரலாற்று ஐஏ 2200. பொருளாதாரத்தில் தலா 800 சொல்லில் மூன்று கமெண்டரி (செய்தியை அலசும் கட்டுரை), ஆக 2400. எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயும் டோக்கும் சேர்ந்தால் மொத்தம் 11,700 சொல். எஸ்எல்லில் உயிரியல் இருந்தால் அதன் ஐஏ இன்னொரு 3000. கணக்கு ஐஏ தனியாக 12 முதல் 20 பக்கம். "எச்எல்லில் சயின்ஸ் இல்லை, அதனால் லேசு" என்று நினைத்து எடுக்கும் கூட்டணி இது. எழுதும் வேகம் குறைந்த பிள்ளை இதில்தான் மூச்சுத் திணறும்.

வேகமாக எழுதும் பிள்ளையா, கணக்குப் போட்டுப் பழகும் பிள்ளையா என்று பார்த்து, அதற்கேற்ற இரண்டு பாடத்தை எச்எல் வையுங்கள். மூன்றாவது எச்எல்லை, சேர நினைக்கும் படிப்பு கேட்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று: பள்ளியின் ஐஏ தேதிப் பட்டியல் கைக்கு வராமல் பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கோஆர்டினேட்டரிடம் கேட்டால் தருவார்.

சென்னை, பத்தாம் வகுப்பு மாணவன்: அக்கா, நாலு எச்எல் எடுத்தால் அதிக மார்க் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. எச்எல்லில் 7 வாங்கினாலும் எஸ்எல்லில் 7 வாங்கினாலும் அதே 7தான். ஆறு பாடத்துக்கு 42, டோக்கும் எஸ்ஸேயும் சேர்ந்து 3, மொத்தம் 45. நாலாவது எச்எல்லால் கூடுவது 90 மணி நேர வகுப்பும் அதற்கான வீட்டு வேலையும். டிப்ளமோ தேற எச்எல்லில் 12 புள்ளி வேண்டும், அதற்கும் நாலில் சிறந்த மூன்றைத்தான் கூட்டுவார்கள்.

மதுரை, மாணவியின் அப்பா: மகளுக்கு மருத்துவம்தான். நீட் எழுத வேண்டும். ஐபியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எடுக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் வழக்கமான தேர்வில் அது அடங்காது. ஐபி பாடங்கள் ஆறு குரூப்பாகப் பிரிந்திருக்கும், குரூப்புக்கு ஒன்று எடுக்க வேண்டும். அறிவியல் குரூப்பில் ஒரு பாடம், கலைக்குப் பதிலாக இன்னொரு அறிவியல் என்று இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவது வேண்டுமானால் நான்-ரெகுலர் டிப்ளமோ (குரூப் விதியிலிருந்து விலக்கு) கேட்க வேண்டும். இந்திய மருத்துவக் கல்லூரிகள் மூன்றையும் கேட்கின்றன என்ற விதியைக் காட்டி, பள்ளியின் கோஆர்டினேட்டர் ஐபிக்கு எழுதி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பொருளாதாரம், வரலாறு இருக்கும் மூன்றாம் குரூப்பை விட்டுவிடுவதுதான் வழக்கம். இரண்டு மொழியும் கணக்கும் அப்படியே இருக்கும். வகுப்பு தொடங்கிய பிறகு இதைக் கேட்டால் கால அட்டவணையில் இடம் கிடைக்காது. சேர்க்கை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

உயிரியலும் வேதியியலும் எச்எல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. மூன்றாவது எச்எல்லுக்குப் பலர் ஆங்கிலத்தை எடுக்கிறார்கள். என் யோசனை இயற்பியல் எச்எல். 2023இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் திண்பொருள் சுழற்சி, வெப்ப இயக்கவியல், மின்காந்தத் தூண்டல் மூன்றும் எச்எல்லுக்கு மட்டும் உள்ளவை. மூன்றுமே நீட்டில் வரும். எஸ்எல் எடுத்த பிள்ளை இவற்றைக் கோச்சிங்கில் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். எச்எல் எடுத்தால் ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். கணக்கில் ஏஏ (அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ் என்ற பிரிவு) எஸ்எல் போதும்.

ஒரு ஆபத்து: மூன்று அறிவியலுக்கும் தலா 3000 சொல் வரை ஐஏ. மூன்றுக்கும் தரவு வேண்டும், பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் எடுப்பது. உயிரியல் தரவை முதலாண்டு முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். முளைக்காத விதைக்கும் வளராத ஈஸ்டுக்கும் மறுசோதனை செய்ய நாள் வேண்டும். ஐஏ தேதிப் பட்டியல், மறக்க வேண்டாம்.

துபாய், பெற்றோர்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நாலு எச்எல் அவசியம் என்கிறார்களே மேடம்?

அவசியமில்லை. சென்னைத் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சேலம், பொறியாளர்: கணக்கில் ஏஏ எச்எல் எடுக்காதவனுக்கு இன்ஜினியரிங் கிடையாது. ஏஐ (அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன் என்ற இன்னொரு கணக்குப் பிரிவு) என்பது கணக்கு வராத பிள்ளைகளுக்கு. இதை நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பாதி சரி, பாதி தவறு சார். ஏஐ எஸ்எல்லையும் ஏஐ எச்எல்லையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். ஏஐ எச்எல்லில் அணிகளின் ஐகன் மதிப்பு, கிராஃப் தியரி, இணைந்த வகைக்கெழுச் சமன்பாடுகள், கருதுகோள் சோதனை எல்லாம் உண்டு. இரண்டு எச்எல்லுக்கும் தேர்வு அமைப்பு ஒன்றுதான்: தலா 110 மதிப்பெண்ணில் இரண்டு தாள், 55இல் மூன்றாம் தாள், ஐஏ 20 சதவீதம். ஏஏயில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, ஏஐயில் எல்லாத் தாளுக்கும் உண்டு.

சேலம், பொறியாளர்: கால்குலேட்டர் கையில் இருந்தால் அது கணக்கா?

பெங்களூரு, இரண்டாம் ஆண்டு மாணவி: சார், நான் ஏஐ எச்எல். எந்தச் சோதனையை ஏன் போட்டேன் என்று விளக்காவிட்டால் மார்க் போய்விடும். பட்டனைத் தட்டினால் அது வராது.

அவர் சொல்வது சரி. கருவி விடையைத் தரும், எந்தக் கணித மாதிரி (மாடல்) பொருந்தும் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அதே சமயம், இன்ஜினியரிங் என்று உறுதியாக இருந்தால் ஏஏ எச்எல்தான் பாதுகாப்பு, அதில் சேலத்தாரோடு எனக்குச் சண்டையில்லை. கலப்பெண், பகுதித் தொகையிடல் எல்லாம் ஜேஇஇ தயாரிப்போடும் ஒத்துப்போகும். ஜெர்மனி போக நினைப்பவர்கள் கவனிக்க: அங்கே ஏஏ இரண்டு நிலையிலும் செல்லும், ஏஐ என்றால் எச்எல் மட்டும்தான் செல்லும். ஆக, கதவை மூடுவது ஏஐ எஸ்எல். அதைப் பொருளாதாரமோ அறிவியலோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கு "சுமை குறையும்" என்று தள்ளிவிடாதீர்கள்.

சுமை பற்றிய கேள்விக்கு வருவோம். ஏஏ எச்எல்லில் தொடங்கி முடியாவிட்டால் ஏஏ எஸ்எல்லுக்கு இறங்கலாம், எஸ்எல் பாடம் முழுதும் எச்எல்லுக்குள் இருப்பதால் எதுவும் விட்டுப்போகாது. ஏஏயிலிருந்து ஏஐக்கு நடுவில் தாவினால் வோரோனோய் வரைபடம், சோதனைப் புள்ளியியல் எல்லாம் தனியாகப் படித்துச் சேர்க்க வேண்டும்.

திருச்சி, முதலாண்டு மாணவன்: சேர்ந்து மூன்று மாதம். இயற்பியல் எச்எல்லில் 3தான் வருகிறது. இறங்கலாமா?

முதலில் தவறு எங்கே என்று பாருங்கள் தம்பி. கடைசி இரண்டு தேர்வுத் தாளை எடுத்து, இழந்த மதிப்பெண்ணை மூன்றாகப் பிரியுங்கள்: பாடம் புரியாதது, கணக்கில் சறுக்கியது, நேரம் போதாதது. கணக்கில் சறுக்கியதுதான் அதிகம் என்றால் கணக்கைச் சரிசெய்யுங்கள், இயற்பியலை விட வேண்டாம். புரியாததுதான் அதிகம் என்றால் இந்தப் பருவம் முடியுமுன் இறங்குங்கள். ஆனால் இறங்கினால் எச்எல் இரண்டாகிவிடும், டிப்ளமோவுக்கு மூன்று வேண்டும். எஸ்எல்லில் இருக்கும் வேறொரு பாடத்தை ஏற்ற வேண்டும், ஏறுவதற்கு விடுபட்ட எச்எல் பகுதிகளைப் படித்து முடிக்க வேண்டும். எந்தப் பாடத்தில் அது மிகக் குறைவு என்று அந்தந்த ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூர், பெற்றோர்: இரண்டாவது மொழிக்குப் பிரெஞ்சு அப் இனிஷியோ எடுத்தால் எளிதா?

அந்த மொழி அறவே தெரியாத பிள்ளைக்கான பாடம் அது, எஸ்எல்லில் மட்டும் உண்டு. ஏற்கெனவே நாலைந்து வருடம் படித்த பிள்ளையைப் பள்ளி அதில் சேர்க்காது. தெரிந்த மொழி இருந்தால் மொழி பி எஸ்எல்தான் லேசு. புதிய மொழிக்கு இரண்டு வருடம் தினமும் சொற்களைப் படிக்க வேண்டும்.

சென்னை, பெற்றோர்: ஒரு எஸ்எல் பாடத்தை முதலாண்டிலேயே எழுதி முடிக்கலாமாமே?

விதி இரண்டு எஸ்எல் வரை அனுமதிக்கிறது, அப் இனிஷியோ தவிர. ஆனால் அந்தப் பாடத்தின் 150 மணி நேரமும் ஐஏவும் ஒரே வருடத்தில் முடிய வேண்டும். கால அட்டவணை அதற்காகவே போடப்பட்ட பள்ளியில் மட்டும் யோசியுங்கள்.

கோவை, மாணவி: நாலு எச்எல் எடுத்தால்...

மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது பாப்பா. ஒரே ஒரு இடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு: முதல் சில வாரம் நாலையும் எச்எல்லாக வைத்துப் பார்த்து, ஒன்றை இறக்குவது. எதை இறக்குவது என்று ஐஏ தேதிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்.

ஈரோடு, பெற்றோர்: கட்டணம் எவ்வளவு ஆகும்?

அதைப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் அதில் சேர்ந்ததா, தனியா என்றும் கேளுங்கள்.