வயர்லெஸ் செட்டுக்குக் கேமரா எஸ்.எம்.பி.எஸ். போதுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். போன வாரத்து இடிமழைக்குப் பிறகு எங்கள் 25 வாட் வயர்லெஸ் செட் உயிரில்லாமல் கிடக்கிறது. வீட்டுக் கரண்ட்டை செட்டுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி போய்விட்டது என்கிறார் எலக்ட்ரீஷியன். செட் விற்ற கடை புதிய பெட்டிக்கு 5,200 ரூபாய் கேட்கிறது. கண்காணிப்புக் கேமராவுக்குப் போடும் 12 வோல்ட், 10 ஆம்பியர் பெட்டி 700 ரூபாய்தான், நானே மாட்டித் தருகிறேன் என்கிறார் இவர். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தோட்டத்து ஜீப்பின் 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செட்டோடு வந்த ஃபியூஸ் ஒயரிலேயே, சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று பார்த்து இணையுங்கள். ஆன்டெனா மாட்டியிருக்கட்டும், அது இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தினால் செட்டே கருகிவிடலாம். பேட்டரியில் செட் பேசினால் பழுது பெட்டியில்தான். பேசாவிட்டால் மின்னல் செட்டுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். அப்போது 700 ரூபாயும் தண்டம்தான்.

கேமரா பெட்டியிலும் செட் ஓடத்தான் செய்யும். ஆனால் இந்த செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, கேமரா பெட்டி தருவதோ 12 வோல்ட்தான். பேசும்போது 6 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மலிவுப் பெட்டி கிளப்பும் மின் இரைச்சல் இன்னொரு தொல்லை. பக்கத்தில் இருப்பவர் குரல் கணீரென்று கேட்கும். பள்ளத்துக்கு அப்பால் உள்ள டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) குரல் மட்டும் இரைச்சலில் அமுங்கிவிடும். நீங்களோ மலையையும் பனிமூட்டத்தையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள். என் ஓட்டு, வயர்லெஸுக்கென்றே செய்த 13.8 வோல்ட் பெட்டிக்கு. அதிலும் 'தொடர்ச்சியாக' 10 ஆம்பியர் தருமா என்று கேளுங்கள். சில பெட்டிகளில் கொட்டை எழுத்தில் இருப்பது சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவு.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய பெட்டியின் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். செத்த பெட்டியும் உதைக்கும். புதிய பெட்டியின் பக்கவாட்டில் 115, 230 என்று சிறு சுவிட்ச் இருந்தால் 230-இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115-இல் விட்டு மின்சாரம் கொடுத்தால் வெடித்துவிடும். மூன்றாவது ஒயரான எர்த்தை விட்டுவிடாதீர்கள். செட்டை இணைக்கும் முன் மல்டிமீட்டரில் 13.8 காட்டுகிறதா என்று பார்த்து, பிளஸ் மைனஸையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு இணையுங்கள்.

பில் விஷயத்தில் கவனம். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்யும் சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. தோட்ட நிறுவனம் அந்தச் சட்டத்தின்படி புகார் கொடுப்பது கடினம். ஆகவே மாடல் எண், தொடர் ஆம்பியர், வாரண்டி மாதங்கள், இரைச்சல் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு வரி, எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 5,200 கேட்கும் கடைக்காரர் அந்த ஒரு வரிக்குத் தயங்கினால், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.