அமெரிக்க உள்நாட்டுப் போரில் சாமான் ஏற்றிச் சென்ற கப்பல்களில் நினைவில் நிற்கத்தக்கது எது?

தயங்காமல் சொல்வேன்: ரோட் ஐலண்ட். இருபுறமும் துடுப்புச் சக்கரம் சுழலும் மரத்தாலான நீராவிக் கப்பல். வணிகக் கப்பலாகக் கட்டப்பட்டதை 1861 ஜூனில் வடக்கு மாநிலங்களின் கடற்படை விலைக்கு வாங்கியது. தலைமை ஏற்றவர் ஸ்டீபன் டிரெஞ்சர்ட்.

தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிடச் சொல்லி லிங்கன் ஆணையிட்டது 1861 ஏப்ரலில். கரையின் நீளம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். காவல் கப்பல்கள் ஓரிடத்தை விட்டு நகர முடியாது. மாலுமிகளுக்கு உப்புக்கண்டமும் கல் போன்ற ரொட்டியும்தான். அவர்களுக்குத் தபால், சம்பளப் பணம், மருந்து, பனிக்கட்டியில் வைத்த புது இறைச்சி ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நோயாளிகளை ஏற்றிக்கொண்டு திரும்புவதுதான் ரோட் ஐலண்டின் வேலை. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா புயலைப் பற்றி அதிகம் பேச மாட்டார். கடிதம் வராத மாதங்களைப் பற்றித்தான் பேசுவார். அதனால் இந்தக் கப்பல் அடிவானத்தில் தெரிந்ததும் எவ்வளவு ஆரவாரம் கிளம்பியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

ஆனாலும் அதன் பெயர் நிலைத்தது ஓர் இரவால். புகழ்பெற்ற இரும்புக் கவசக் கப்பலான மானிட்டரைத் தெற்கே இழுத்துச் செல்லும் பொறுப்பு அதற்கு வந்தது. 1862 டிசம்பர் 29 அன்று புறப்பட்டார்கள். மறுநாள் ஹாட்டெரஸ் முனைக்கு அருகே புயல். மானிட்டர் ஆற்றுக்கும் அமைதியான கடலுக்கும் ஏற்றது. தளம் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். அலை ஏற ஏற உள்ளே தண்ணீர் புகுந்தது.

இழுவை வடத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டிய வடம் போய் ரோட் ஐலண்டின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது! காப்பாற்ற வந்த கப்பல் ஓட முடியாமல் மானிட்டரை நோக்கியே மிதந்து போனது. மோதியிருந்தால் மரக்கப்பலின் கதி என்ன ஆகியிருக்கும்? எப்படியோ வடத்தை அகற்றி, படகுகளை இறக்கி, கும்மிருட்டில் ஆட்களை ஏற்றி வந்தார்கள். மானிட்டரின் மேலே தொங்கிய சிவப்பு விளக்குதான் ஒரே அடையாளம். நள்ளிரவு தாண்டி அதுவும் மறைந்தது. 16 பேர் இறந்தார்கள். எஞ்சியவர்களை அழைத்து வர மீண்டும் போன படகு ஒன்று கப்பலைத் தவறவிட்டுக் கடலில் அலைந்து, மறுநாள் ஒரு பாய்மரக் கப்பலால் மீட்கப்பட்டது. ரோட் ஐலண்டின் மாலுமிகள் 7 பேருக்கு நாட்டின் உயரிய வீரப்பதக்கம் கிடைத்தது. படகை நடத்திய பிரவுனுக்கு இல்லை. அக்காலத்தில் கடற்படை அதிகாரிகளுக்கு அந்தப் பதக்கம் தரும் வழக்கம் கிடையாது. எனக்கு இதில் இன்றும் வருத்தம்தான்.

பிறகு முற்றுகையைத் தாண்டும் கப்பல்களைத் துரத்திப் பிடித்தது, தெற்கின் ஃபிஷர் கோட்டை மீதான தாக்குதலில் பங்கெடுத்தது. 1863இல், அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த பஹாமாஸ் தீவுகள் அருகே ஒரு கப்பலைக் கரை வரை துரத்தியதில் பிரிட்டனுடன் தகராறே வந்தது.

அந்தச் சிவப்பு விளக்கை 1977இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள். ரோட் ஐலண்டை 1867இலேயே விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதற்கு வைத்த புதுப்பெயர் சார்ல்ஸ்டன்: எந்தத் துறைமுகத்தை அடைத்து நின்ற கப்பல்களுக்கு அது இறைச்சி சுமந்ததோ, அதே ஊர்.