அலர்ஜியா, அளவு மீறியதா? வைட்டமின் மாத்திரை சந்தேகங்கள்

கேள்வி: ரத்தத்தில் கொழுப்பு குறையும் என்று நியாசின் (வைட்டமின் பி3) 100 மி.கி. வாங்கிச் சாப்பிடுகிறேன். அரை மணி நேரத்தில் முகம், கழுத்து, மார்பு சிவந்து எரிகிறது. அலர்ஜியா?

பதில்: அலர்ஜி இல்லை. நியாசின் தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கவைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. சிலருக்கு 30, 50 மி.கி.யிலேயே இப்படி ஆகும்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். வெறும் வயிறும் சூடான காபியும் மதுவும் எரிச்சலைக் கூட்டும். இதே பி3-யின் இன்னொரு வடிவமான நிக்கோட்டினமைடு இப்படிச் சிவக்க வைக்காது, ஆனால் அது கொழுப்பையும் குறைக்காது. கொழுப்பு குறைய 1 முதல் 2 கிராம் நியாசின் வேண்டும். அந்த அளவு கல்லீரலைப் பாதிக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். டாக்டர் சொல்லாமல் இதைத் தொடராதீர்கள்.

கேள்வி: மல்டிவைட்டமின் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. வேறு கம்பெனி மாத்திரையிலும் அதே கதை.

பதில்: உங்களுடையது அலர்ஜியாக இருக்கலாம். மாத்திரை போட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், இருமல், வாந்தி வந்தால் அப்படித்தான் சந்தேகிக்க வேண்டும். பல நேரம் குற்றவாளி வைட்டமின் அல்ல, கூடச் சேர்த்த பொருள்: டார்ட்ரசின் போன்ற நிறமிகள், கேப்சூல் உறையின் ஜெலட்டின், உள்ளே இருக்கும் சோயா எண்ணெய். இரண்டு பெட்டிகளிலும் பொடி எழுத்தில் அச்சிட்ட சேர்மானங்களை ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டிலும் இருப்பதை வட்டமிட்டு, எத்தனை நிமிடத்தில் தடித்தது என்ற குறிப்போடு அலர்ஜி மருத்துவரிடம் கொடுங்கள். ‘கால் மாத்திரை போட்டுப் பார்ப்போம்’ என்று வீட்டில் சோதிக்கவே கூடாது. அடுத்த முறை முதல் முறையைவிடக் கடுமையாக வரலாம். வெறும் தடிப்புக்குப் பெரியவர்களுக்கு அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் 10 மி.கி. போதும். தொண்டை இறுகினாலோ, மூச்சு திணறினாலோ, தலை சுற்றினாலோ அது உதவாது. அப்போது தேவை அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள். தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரவிடுங்கள். நிற்கவோ நடக்கவோ வைக்க வேண்டாம்.

கேள்வி: 71 வயது அப்பா, வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய வைட்டமின் டி 60,000 யூனிட்டைத் தினமும் ஒன்றாக 20 நாள் சாப்பிட்டுவிட்டார். இப்போது மலச்சிக்கல், குமட்டல், ஓயாத தாகம்.

பதில்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வழக்கமாக வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்குத் தருவதே மொத்தம் 4,80,000 யூனிட்தான். அப்பா 20 நாளில் 12,00,000 சாப்பிட்டிருக்கிறார். வைட்டமின் டி மிகுந்தால் குடல் கால்சியத்தை அளவில்லாமல் உறிஞ்சும், எலும்பிலிருந்தும் அது கரைந்து வரும். நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவுகளும் கால்சியம் ஏறியதன் அடையாளங்கள். அடுத்து சிறுநீரகம் பழுதாகும், பேச்சு குழம்பும். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி அளவைக் காட்டும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டி மட்டுமல்ல, கால்சியம் மாத்திரையையும் நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்துக்கு தயசைடு மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்சினோ சாப்பிட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள்: முன்னது கால்சியத்தை இன்னும் ஏற்றும், பின்னது கால்சியம் ஏறிய நேரத்தில் இதயத் துடிப்பைக் கெடுக்கும். டி கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கால்சியம் இறங்காமல் இருக்கலாம். ஒரு பரிசோதனையோடு விட்டுவிடாதீர்கள். அன்றாட மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் வைப்பதால்தான் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. அட்டையைத் தனியே வைத்து, ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் தேதியை எழுதிவிடுங்கள்.

கேள்வி: பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகிறது.

பதில்: ரிபோஃப்ளேவின், அதாவது பி2-வின் நிறம். பயமில்லை.

கேள்வி: முடி வளர பயோட்டின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். திடீரென்று தைராய்டு கூடுதல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

பதில்: தைராய்டுக்கு மாத்திரை தொடங்கும் முன் ரத்தத்தை மறுபடி பாருங்கள். உடம்புக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். நீங்கள் சாப்பிடுவது அதைப்போல் 300 மடங்குக்கும் மேல். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை ஒட்டுப்பொருளாக வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிகுந்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். (TSH) பொய்யாகக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 (T4) பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதே காரணத்தால் பொய்யாகக் குறையலாம். நெஞ்சுவலி என்று போக நேர்ந்தால், பயோட்டின் சாப்பிடுவதை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லுங்கள்.