ஆணுக்கு என்ன கேடு?

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், இரவில் கடற்கரைப் பக்கம் நின்று காசுக்காக ஆண்களோடு போகும் இளைஞர்கள் பற்றி ஒரு வரி வருகிறது. பெண்கள் வறுமையால் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள், புரிகிறது. கைகால் நன்றாக இருக்கும் ஆணுக்கு என்ன கேடு? மூட்டை தூக்கியாவது பிழைக்கலாமே. உடல் திமிரும் சுலபக் காசு ஆசையும்தானே காரணம்? பணக்காரப் பெண்கள் ஆண்களை விலைக்கு அழைப்பதாகவும் போனில் விளம்பரங்கள் வருகின்றன. இதையெல்லாம் சட்டபூர்வமாக்கினால் சரியாகுமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

விளம்பரத்தை முதலில் முடித்துவிடுவோம். பதிவுக் கட்டணம் என்று சில ஆயிரங்களைக் கறந்துகொண்டு காணாமல் போகிறவர்கள் அவர்கள். ஏமாந்தவன் வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டான் என்ற தைரியம்தான் அவர்களுடைய முதல். இந்தத் தொழிலில் இருக்கும் ஆண்களைத் தேடி வரும் கிராக்கிகளில் பெரும்பாலானவர்கள் ஆண்களே.

மூட்டைக்கு வருகிறேன். நீங்கள் தூக்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்தவன் முதுகைக் காட்டி யோசனை சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் குறள்தான் நினைவுக்கு வந்தது. சில நாட்களாக இதே யோசனை. தமிழில் பரத்தை, கணிகை, வேசி, விலைமகள் என்று விற்கும் பெண்ணுக்கு எத்தனை பெயர்கள்! வள்ளுவர் ‘வரைவின் மகளிர்’ என்று ஒரு அதிகாரமே வைத்தார். ஆண்பாலில் ‘பரத்தன்’ உண்டு, 1311ஆம் குறளில் வருகிறான். ஆனால் அவன் விற்பவன் இல்லை. பரத்தையரிடம் போய்விட்டு வந்து மனைவியிடம் திட்டு வாங்குகிறவன். விற்கும் ஆணுக்குப் பெயரே வைக்கவில்லை நாம்.

பெயர் இல்லாதவன் சட்டத்திலும் இல்லை. 1956இல் வந்த விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் பெயரே பெண்களையும் சிறுமிகளையும் பற்றியது. 1986இல் திருத்தியபோதுதான் அது ‘நபர்’ என்றானது. ஆணைப் பிடிக்க இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இருந்தது, ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கியது. சம்மதத்தோடு நடந்தாலும் குற்றம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சம்மதத்தை அதிலிருந்து விடுவித்தது, எல்லோரும் கொண்டாடினோம். சம்மதமில்லாததற்கு மட்டும் அந்தப் பிரிவு மிஞ்சியிருந்தது. 2024 ஜூலை 1இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அதுவும் போயிற்று. புதிய சட்டத்திலும் பலாத்காரம் என்றால் ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டும்தான். வயது வந்த ஒரு ஆணை நாலு பேர் சேர்ந்து நாசம் செய்தால் அடித்தான், காயப்படுத்தினான் என்று வழக்குப் போடலாம். நடந்ததை நடந்த பெயரில் எழுத இன்று இந்தியாவில் பிரிவு இல்லை. திரும்பப் படியுங்கள் எஸ்., இல்லை. நீங்கள் ‘திமிர்’ என்கிறீர்கள், சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் நினைக்கிறது. ஆண் என்றால் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

1993இல் மேன்ஷனில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறை. ஒருவன் பகலில் ஜவுளிக்கடையில் புடவை மடிப்பான், வாரத்தில் இரண்டு மூன்று இரவு கடற்கரைக்குப் போவான். இரண்டு இரவுக் காசு, கடைச் சம்பளத்தில் பாதி. தங்கை கல்யாணக் கடன் இருந்தது. அவனுக்கு ஆண்களைப் பிடிக்கவும் செய்தது, கோத்தி, அதாவது ஆண்களை விரும்பும், பெண்தன்மை உள்ள ஆண், என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். காசு வேண்டும் என்பதும் பிடிக்கும் என்பதும் ஒரே ஆளுக்குள் இருக்கக்கூடாதா? நமக்கு மட்டும் பிடித்த வேலைக்குச் சம்பளம் வேண்டும்! பீட் போலீஸ்காரருக்கு மாமூல் தனி. கையில் காசில்லாத நாளில் அவரும் இலவசக் கிராக்கி.

ஒருநாள் விடியற்காலை உதடு கிழிந்து வந்தான். ஒருவன் என்று நம்பிப் போன இடத்தில் மூன்று பேர். காசு தராததோடு கைக்கடிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் இவன்தான் குற்றவாளி. குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அப்போது அறிவாளியாகிய நான் கேட்டேன்: “உனக்கு இதெல்லாம் தேவையா? வேற வேலையே கிடைக்கலியா?”

உங்கள் கேள்விதான். அதனால்தான் இவ்வளவு கோபப்பட்டேன், மன்னிக்கவும்.

அவன் பதில் சொல்லவில்லை. “கடை திறந்திருந்தா ஒரு சோடா வாங்கிட்டு வாயேன்” என்றான். பிறகு தையல் போடக் கூட்டிப்போனேன். படியில் தடுக்கி விழுந்துவிட்டான் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். எந்தப் படி என்று அவரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு அவன் கடைக்குப் போய்விட்டான், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள்.

சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்னொரு நாள் எழுதுகிறேன்.